ஆக்கிக்குள் ஏன் வெறுமை?

ஜாவா மொழியில் வலைச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்புகளுள் ஸ்பிரிங் புகழ்பெற்றது. இதன் முதற்பதிப்பு 2004-இல் வெளிவந்தது. இதைப் பழகத் தொடங்கும் மாணவரை ஒரு புதிர் வாட்டுவதுண்டு. அதனை விளக்க முயல்கிறேன்.

விடுதிக் கட்டணத்தைக் கணக்கிடும் ஓர் இனக்குழுவை எழுதுகிறோம் என்க. அதற்குத் தரவுத்தளத்தை அணுகும் வேறொரு பொருள் தேவை. அதனை நாமே 'நியூ' போட்டு உருவாக்குவதில்லை. புலத்தின்மேல் 'ஆட்டோவயர்டு' என்று குறித்துவிட்டால், ஸ்பிரிங்கே கொணர்ந்து பொருத்திவிடும். இதற்கு 'டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்' என்று பெயர். மார்ட்டின் ஃபவுலர் 2004-இல் எழுதிய கட்டுரையால் இப்பெயர் பரவியது.

மேல்நிலை வகுப்பில் 'ஆக்கி' என்று படித்தோமல்லவா? அந்த ஆக்கிக்குள் மேற்படி புலத்தைத் தொட்டால், 'நல்பாயின்டர்' பிழை காட்டிச் செயலி தொடக்கத்திலேயே நின்றுவிடும்! காரணம் வரிசைதான். முதலில் ஆக்கி இயங்கிப் பொருள் பிறக்கிறது. பிறந்த பின்னரே ஸ்பிரிங் அதன் புலங்களை நிரப்புகிறது. மின் இணைப்பு வருமுன் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியுமா?

'போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட்' என்று குறிக்கப்பட்ட செயற்கூறு, புலங்கள் நிரம்பிய பின்பே அழைக்கப்படும். தொடக்கப் பணிகளை அங்கே வைக்கலாம். அதனினும் மேலானது, தேவையானதை ஆக்கியின் அளபுருவாகவே கேட்டுப் பெறுவது என்பது என் கருத்து. புலத்தை 'ஃபைனல்' ஆக்கலாம். சோதனையின்போது ஸ்பிரிங் இல்லாமலே போலிப் பொருளைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆக்கி ஒன்றே இருப்பின், 4.3-ஆம் பதிப்பு முதல் ஆட்டோவயர்டு குறிப்பும் வேண்டியதில்லை. அளபுருக்கள் எட்டு, பத்து என நீண்டால், அந்த இனக்குழு தலைக்கு மேல் வேலையை ஏற்றிருக்கிறது என்பதும் வெளிப்பட்டுவிடும்!

நாமே 'நியூ' போட்டுப் படைத்த பொருளையோ ஸ்பிரிங் அறியாது. குறிப்பு இருந்தும் புலம் வெறுமையாகவே கிடக்கும். ஆனால் அப்பாச்சி விக்கெட் என்ற வலைக் கட்டமைப்பில் பொத்தான், படிவம் போன்ற உறுப்புகளை 'நியூ' போட்டுத்தான் படைக்கிறோம். அங்கே ஸ்பிரிங் பொருள்கள் எப்படி வந்து சேர்கின்றன? எல்லா உறுப்புகளுக்கும் 'காம்போனென்ட்' என்பதே அடிப்படை இனக்குழு. ஜாவாவில் அடிப்படை இனக்குழுவின் ஆக்கியே முதலில் இயங்கும். செயலியில் 'ஸ்பிரிங்காம்போனென்ட்இன்ஜெக்டர்' என்பதைப் பதிவுசெய்திருந்தால், அந்த ஆக்கி இயங்கும்போதே 'ஸ்பிரிங்பீன்' எனக் குறித்த புலங்கள் நிரம்பிவிடும். ஆதலால் நம் ஆக்கி தொடங்கும்போது அவை ஆயத்தமாக இருக்கும். ஒன்று மட்டும் கூடாது: அப்புலத்தை அறிவிக்கையில் எதிரே '= நல்' என எழுதுவது. அடிப்படை ஆக்கி முடிந்த பின்னர் அவ்வரி இயங்கி, வந்து சேர்ந்த பொருளை அழித்துவிடும்.