நம்ம ராசிக்கு என்ன போட்டிருக்கு?

புத்தகக் காட்சி நெருங்கும் மார்கழி மாதத்தில், குழந்தைகளை வாசகர்களாக்குவது எப்படி என்ற விஷயத்தைப் பற்றி எழுதும்படி பத்திரிகை ஆசிரியர்கள் கேட்பது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. எழுதுகிறவர்களும் படக்கதைப் புத்தகம், நூலகச் சந்தா, உறங்கப் போகுமுன் ஒரு கதை என்று உபதேசங்களை வரிசையாக அடுக்கி, கைபேசியை ஒரு பாராவில் சபித்துவிட்டு விடைபெறுவார்கள். அந்த உபதேசங்களின்மேல் எனக்கு விரோதம் ஏதும் இல்லை. ஆயினும், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எழுத்துக் கூட்டித் தடுமாறிய நிலையிலிருந்து தடையில்லாமல் வாசிக்கும் நிலைக்கு வந்த அந்த அதிசயத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் நான் கூறக்கூடிய சாட்சியம் சற்று விசித்திரமானது. அவளுக்கென்றே சிரத்தையாகத் தேர்ந்து வாங்கி வைத்த புத்தகங்கள் அலமாரியில் புது மணம் மாறாமல் இருக்க, அவளுக்குப் படிக்கக் கற்றுக் கொடுத்த பெருமை எங்கள் கூடத்துச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரையே சேர்கிறது.

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பத்தைப் பூஜையில் வைத்து வெளியிட்டு, மார்கழி முடிவதற்குள் மளிகைக் கடை, நகைக் கடை, ஜவுளிக் கடை மூலமாக வீடுதோறும் வந்து சேரும் அந்தத் தாள் கட்டை நாம் எல்லோரும் அறிவோம். ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் என்று பெரியவர்களுக்கே நாப் புரளாத பதங்களெல்லாம் அதில் உண்டு என்றாலும், தாளின் அடிப்பாகத்தில் பன்னிரண்டு ராசிகளுக்கும் ஒவ்வொரு சொல்லாகப் பலன் போட்டிருக்கிறார்களே, அதைவிடச் சிறந்த பாலபாடத்தை எந்தக் கல்வி நிபுணரும் இதுவரை தயாரித்ததில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். இடப்பக்கத்தில் மேஷம் முதல் மீனம் வரை என்றும் மாறாத பன்னிரண்டு சொற்கள். வலப்பக்கத்தில் லாபம், பகை, மேன்மை, கவலை, அலைச்சல், களிப்பு என்று அன்றாடம் இடம் மாறி வரும் சிறு சொற்கள். பாதி தெரிந்தது, பாதி தெரியாதது. தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குத் தாவும் உற்சாகம் குழந்தைக்குத் தானாகவே உண்டாகிவிடுகிறது.

247 எழுத்துகளையும் அட்டவணை பார்த்து ஒப்பித்துவிடுவது வேறு, 'மேன்மை' என்ற மூன்றெழுத்தைக் கண்டவுடன் வாய் திறந்து சொல்வது வேறு என்பது பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோருக்குத் தெரியும். இரட்டைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. ஓசையோ பின்னால் வருகிறது. கண் முதலில் சந்தித்ததை நாக்கு கடைசியில் சொல்லவேண்டும். 'யோகம்' என்றால் கொம்பு ஒரு பக்கமும் கால் மறுபக்கமுமாக யகரத்தைச் சிறைப்பிடித்து நிற்கும். இவற்றையெல்லாம் கடந்தாலும் ககரம் செய்யும் கூத்து மிச்சம் இருக்கிறது: 'கல்'லில் வல்லென்று ஒலித்த அதே எழுத்து, 'பகை'யில் மெலிந்து குழைகிறது, அதற்கு அட்டவணையில் அடையாளம் ஒன்றும் கிடையாது. காதால் அறிந்த சொல்லும் கண்ணால் கூட்டிய எழுத்தும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் கணம் வரையில் குழந்தை படிப்பதாகச் சொல்வது உபசார வார்த்தைதான்.

அந்தக் கணத்தை எங்கள் வீட்டில் வரவழைத்தவர் என் தாயார். கண்புரை முற்றியிருந்த அவர், சிகிச்சைக்கு நாள் பார்த்துப் பார்த்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தமையால், காலையில் காலண்டர் பார்க்கும் உத்தியோகம் பேத்தியிடம் வந்து சேர்ந்தது. "நம்ம ராசிக்கு இன்னிக்கு என்ன போட்டிருக்கு, பாரு கண்ணு" என்பார். நாற்காலியில் ஏறி நின்று, துலாம் என்ற வரியை விரலால் பிடித்துக்கொண்டு, "பக்... பக்கை" என்றாள் அவள் ஒரு நாள். "பக்கையா? அப்படி ஒண்ணும் போட மாட்டானே. பகையா இருக்கும். யாரோடடி பகை எனக்கு?" என்று கிழவி அலுத்துக்கொள்ள, குழந்தை திரும்பித் தாளைப் பார்த்து, "ஆமா அப்பாயி, பகைதான்!" என்று கூவிய கூவலில் ககரத்தின் கூத்து முடிந்தது.

பிறகு நடந்தது இன்னும் ரஸமானது. தாளைக் கிழிக்கும்போது ஒரு நாள் பார்க்கிறேன், துலாத்துக்கு 'நஷ்டம்' என்றிருக்கிறது. காலையில் அவள் 'லாபம்' என்று படித்தது என் காதில் நன்றாக விழுந்திருந்தது. ஷகரம் தெரியாமல் விழித்தாளோ என்று சந்தேகித்து, "இது என்ன?" என்று கேட்டால், "நஷ்டம்" என்று சுத்தமாகச் சொன்னாள். "பின்னே ஏன் மாத்திப் படிச்சே?" "நஷ்டம்னா அப்பாயிக்குப் பிடிக்காதுப்பா." சத்தியத்துக்கு மாறாக நடந்தாளே என்று நான் விசனப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அச்சில் உள்ளதற்கும் கேட்கிறவர் மனத்துக்கும் நடுவே தான் ஒருத்தி நிற்பதை அவள் கண்டுகொண்டாள். அவளை வாசகி என்று நான் மனத்தில் பதிவு செய்துகொண்டது அன்றுதான்.

வீட்டில் தொடங்கிய வியாபாரம் வீதிக்குப் பரவியது. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்தில் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்ற எச்சரிக்கையைத் தப்பில்லாமல் படித்துவிட்டு, "பஸ்ஸு ஏம்ப்பா இப்படிப் பேசுது?" என்றாள். எழுத்துக்கென்று ஒரு பாஷை தனியாக உண்டு என்ற பெரிய விஷயத்தை, அய்யம்பேட்டைக்கும் பாபநாசத்துக்கும் இடையே ஜன்னலோரத்தில் அவளுக்கு விளக்க நேர்ந்தது. பழைய கட்டடம் ஒன்றின் பெயர்ப் பலகையில், 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பிருந்த, யானைத் துதிக்கையாய் வளைந்த பழைய 'லை'யைக் கண்டு திகைத்தாள். அவ்வாறு மாறிய 13 எழுத்துகளையும் எழுதிக் காட்டச் சொல்லி என்னை உபத்திரவம் செய்தாள்.

என் கவலை இங்கேதான் ஆரம்பமாகிறது. யாரும் பாடமாக வைக்காத இந்த உதிரி எழுத்துகள் நம் கண்ணெதிரிலேயே குறைந்து வருகின்றன. பேருந்தின் நெற்றியில் ஊர்ப் பெயர் நிலையாக நின்ற இடத்தில் இப்போது விளக்கெழுத்து ஓடுகிறது. குழந்தை இரண்டெழுத்தைக் கூட்டுவதற்குள் மூன்றாவது எழுத்து மறைந்துவிடுகிறது. கடலையைச் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டும், முன்னும் பின்னும் தெரியாத தொடர்கதையின் ஒரு நடுப்பக்கமும், என் தலைமுறையில் பலரை வாசகர்களாக்கின. பிளாஸ்டிக் உறை வந்தபோது அவை போயின, 2019-இல் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பின்பும் அவை திரும்பி வரவில்லை. அச்சு மை உணவில் படுவது ஆரோக்கியக் கேடு என்கிறார்கள், நியாயந்தான்.

இதைக் காட்டிலும் ஆழமான நஷ்டம் ஒன்றுண்டு. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தாம்; படிக்கத் தெரிந்த சிறுவன் ஒருவன் தெருவில் இருந்தால் தபால் அட்டையைத் தூக்கிக்கொண்டு நாலு வீட்டுப் பாட்டிமார்கள் அவனைத் தேடி வருவார்கள். 2011-இல் தமிழ்நாட்டில் அது எண்பதாயிற்று. அதைக் குறித்து ஆனந்தப்படாதவன் பாவி. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத மிச்சம் பேருக்கும், பார்வை மங்கியவர்களுக்கும்கூட, இன்று கைபேசி பேசுகிறது, தொலைக்காட்சி விடியற்காலையில் ராசி பலனை வாயாலேயே சொல்லிவிடுகிறது. குழந்தையின் வாசிப்பு யாருக்கும் தேவைப்படாத காரியமாகிவிட்டது. தேவைப்படாத காரியத்தைப் பயிற்சிக்காகச் செய் என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அது செய்யுமா? கைபேசியிலும் எழுத்து இருக்கிறதே என்று வாதிப்பவர்கள் உண்டு. இருக்கிறது, பக்கத்திலேயே ஒலிபெருக்கிப் பொத்தானும் இருக்கிறது.

என் வீட்டிலேயே அந்த உத்தியோகம் பறிபோயிற்று. கண் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, தாயார் தாமே காலண்டர் பார்க்கத் தொடங்கிவிட்டார். "தினம் லாபம் லாபம்னு படிச்சியே, எங்கேடி அந்த லாபம்?" என்று பேத்தியிடம் கணக்குக் கேட்கவும் தவறவில்லை. ஆகவே அவளுக்கு வேறு வேலை தேடிக் கொடுக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. சென்ற வாரம் மளிகைச் சீட்டை அவள் கையில் கொடுத்து அண்ணாச்சி கடைக்கு அழைத்துப் போனேன். "சீட்டெல்லாம் எதுக்கு சார்? போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுடுங்க, பையன் வீட்லயே கொண்டாந்து குடுத்துடுவான்" என்றார் அண்ணாச்சி, மிகுந்த அக்கறையோடு. அதற்குள் இவள் உரக்க முதல் வரியைப் படித்துவிட்டிருந்தபடியால், கடைப்பையன் துவரம்பருப்பு மூட்டைக்குள் அள்ளுகரண்டியை விட்டுவிட்டான்.