கண் காணாத கடை

மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவில் மாலையில் உலாவுகிறவர்கள் அநேகர். அந்தப் பெயருக்குரியவர் எப்படி வியாபாரம் செய்தார் என்பதை நினைப்பவர் சிலரே. தேசோத்தாரக காசிநாதுனி நாகேசுவரராவ் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தயாரிக்கத் தொடங்கினார். பெயர் தெரியாத மருந்தை யார் வாங்குவார்கள்? சங்கீதக் கச்சேரிகளில் அதை இலவசமாகவே வழங்கினார். குணம் கண்டவர்கள் பிறகு தேடி வந்து வாங்கினார்கள். அந்த வருவாயில் 1908-ல் 'ஆந்திர பத்திரிகா'வை ஆரம்பித்துத் தேசத் தொண்டும் செய்தார். 1914-ல் தொழிலும் பத்திரிகையும் சென்னைக்கு வந்தன.

இன்று வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கடை திறக்கும் சகோதரிகளுக்கும் அதே சங்கடந்தான். வாங்குகிறவர் சாமானைத் தொட்டுப் பார்க்கவோ முகர்ந்து பார்க்கவோ வழியில்லை.

ஆகவே, ஆரம்பத்திலேயே பத்துத் தினுசு வேண்டாம். கை தேர்ந்தது ஒன்று போதும். சாம்பார்ப் பொடியானால், முதலில் சிறு பொட்டலங்களை நாலு வீட்டுக்குக் கொடுத்துக் குறை கேளுங்கள். படத்தில் காட்டுவது ஒன்றும் அனுப்புவது வேறொன்றுமாக இருக்கலாகாது. விலை வைக்கும்போது தபால் செலவையும், திரும்பி வரும் பார்சல்களால் உண்டாகும் நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உணவுப் பண்டத்துக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு அவசியம். வெளி மாநிலத்துக்கு விற்றால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும். 2020-ம் வருஷத்து இணைய வர்த்தக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும்.

குடும்பச் சேமிப்பு முழுவதையும் ஒரேயடியாகப் போட்டுவிடாதீர்கள். முதலில் வாங்கியவர் மறுபடி கேட்டு எழுதட்டும். அதன் பிறகு சரக்கைப் பெருக்கலாம்.