தைபேக்கு நண்பர்கள் வர்றாங்களா? முதல்ல பொது பர்ஸ்!

தைபேயில் வேலை பார்க்கறீங்க. ஊர்ல இருந்து நாலு நண்பர்கள் வர்றாங்க. சுத்திக் காட்டுற செலவு முழுக்க உங்க சம்பளத்துல விழுந்தா, அடுத்த மாச எஸ்ஐபி தடுமாறும். திருப்பிக் கேட்கவும் கூச்சம்!

அதனால முதல் நாளே எல்லாரும் சமமா பணம் போட்டு பொது பர்ஸ் ஒண்ணு வைங்க.

மெட்ரோவுக்கு ஆளுக்கொரு ஈஸிகார்டு. லுங்ஷான் கோயில், சியாங் கை-ஷேக் நினைவு மண்டபம் ரெண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. யானை மலை ஏறினா, தைபே 101 கோபுரத்தைக் காசில்லாமலே பார்க்கலாம்.

ராத்திரிக்கு ராவ்ஹே சந்தை. அங்கே பன்றிக்கறி மிளகு பன் பிரபலம். ஒவ்வொரு கடையிலும் ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்தா, நாலைஞ்சு ருசி கிடைக்கும். பல கடைகள்ல ரொக்கம்தான். பொது பர்ஸ்ல இருந்தே கொடுங்க.

மீந்ததைக் கடைசி நாள் சமமா பிரிச்சுக்கங்க. யாருக்கும் யாரும் பாக்கி இல்லை.