கல்லீரல் புற்றணுவின் முகமூடி
கல்லீரல் புற்றணு, பிடி-எல்1 என்ற புரதத்தை வெளியே காட்டி, நம்மைக் காக்கும் டி அணுக்களின் கையைக் கட்டிப்போடுகிறது. அட்டெசோலிசுமாப் மருந்து அந்தப் புரதத்தை அடைத்துவிட, டி அணுக்கள் மறுபடி தாக்குகின்றன. கூடவே தரப்படும் பெவசிசுமாப், கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்காமல் தடுக்கிறது. 2020இல் வெளியான ஆய்வில், பழைய சோராஃபெனிப் மாத்திரையைவிட இந்தக் கூட்டு மருந்து ஆயுளைக் கூட்டியது. ஆனாலும் பத்தில் ஏறக்குறைய மூவருக்கே கட்டி நன்றாகச் சுருங்கியது. ஆகவே, வருமுன் காப்பதே மேல். சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 1987 முதல், கல்லீரல் புற்றுக்கு வழிவகுக்கக்கூடிய ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கு எதிரான தடுப்பூசி உண்டு. அதற்கு முன் பிறந்தவரா? சிராங்கூன் சாலையிலுள்ள காலாங் பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.