பட்டமும் மனிதனும்

வரதராஜன்பேட்டை போன்ற நம் ஊர்களில் புதிதாக வந்து இறங்கும் ஒருவரை நோக்கி ஜனங்கள் கேட்கும் முதற் கேள்வி, "தாங்கள் என்ன உத்தியோகம்?" என்பது. அடுத்தது, "என்ன படிப்பு?" என்பது. கேட்பவர்மீது குற்றமில்லை. பதில் சொல்பவரும் அவ்விரண்டோடு தம்மைப் பற்றிய பேச்சு முடிந்ததென்று எண்ணி விடுகிறாரே, அதைக் குறித்தே நாம் எழுத நேர்ந்தது. அவ்விரண்டையும் ஒருவன் பறித்துக்கொண்டால் எஞ்சுவது யாது?

இக்கேள்வி ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்வில் மெய்யாகவே எழுந்தது. ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த அவர் தொழிலால் வக்கீல். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்ததால் முதலாளியுமானார். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளரின் வேலை நிறுத்தத்தில் அவர்கள் பக்கம் நின்றார். அதே வருஷம் ராஜத் துவேஷக் குற்றஞ்சாட்டி அவருக்கு 40 வருஷத் தீவாந்தர சிக்ஷை விதித்தார்கள். அப்பீலில் அது குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வெளிவந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. அவரைச் சுட்டிக் காட்ட உலகம் வைத்திருந்த இரண்டு பெயர்ப் பலகைகளும் கழன்று விழுந்தன.

ஆயினும் மனிதர் விழவில்லை. செக்கிழுத்த சிறையிலேயே ஆங்கில நூலொன்றை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். வெளிவந்தபின் சென்னையில் சிறு வியாபாரங்கள் செய்து வறுமையில் உழன்றபோதும், திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் செய்த உரையை 1917-ல் பதிப்பித்தார். எந்தச் சர்க்காரும் அவருக்கு இவ்வேலையைக் கொடுக்கவில்லை. ஆகவே எந்தச் சர்க்காராலும் அதைப் பறிக்க முடியவில்லை.

தொழிலை இகழ வேண்டுமென்பது நம் கருத்தன்று. நாமும் வக்கீல் தொழிலால் உண்பவரே. பிள்ளையவர்களும் குடும்பம் பிழைக்கச் சன்னதைத் திரும்பப் பெற விரும்பினார். வாலேஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி அதற்கு உதவினார். அந்த நன்றிக்கு அடையாளமாகத் தம் புதல்வருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் பிள்ளை. ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர் ஓர் ஆங்கிலேயரின் நன்மையை மறக்கவில்லை. எந்தச் சன்னதில் இக்குணம் எழுதப்பட்டிருக்கிறது? 1936 நவம்பர் 18-ல் அவர் காலமானார். இன்று அவரை நினைப்போர் அவர் வென்ற வழக்குகளையா எண்ணுகிறார்கள்?

தேசத் தொண்டில் இறங்கியுள்ள இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையேறியதும் வட்டச் செயலாளர், ஒன்றியத் தலைவர் என்று பதவியைச் சொல்லித் தம்மை அறிமுகம் செய்துகொள்வோர் பெருகிவிட்டனர். அடுத்த தேர்தலில் போகக்கூடிய பதவி அது. அதற்குப் பதிலாக, சென்ற வருஷம் ஊருக்காகச் செய்த காரியம் ஒன்றையும், பதவி போனாலும் விடாமல் செய்யப்போகும் காரியம் ஒன்றையும் சொல்லட்டும். சொல்ல ஒன்றும் அகப்படாதவர், மேடையேறுவதைச் சிறிது ஒத்திவைத்து, முதலில் அக்காரியத்தைத் தேடிக்கொள்வது நலம்.