கிருமி என்னும் ஒரு பெயர்

சளியும் ஜுரமுமாக வைத்தியரிடம் போகிறவர்களில் பலர், அவர் நாடியைப் பார்த்துத் தொண்டையைச் சோதித்து, "இது வைரஸ் ஜுரம், வெந்நீர் குடித்து ஓய்வாக இருங்கள், மூன்று நாளில் தானாக இறங்கிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டால், கொடுத்த பணத்துக்கு ஏதோ குறைந்துபோனதுபோல முகம் வாடித் திரும்பி, வழியில் மருந்துக் கடையில் தாமாகவே நாலு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை வாங்கி விழுங்கிவிட்டுத்தான் வீடு சேர்கிறார்கள். கிருமியால் வந்த நோய்க்குக் கிருமியைக் கொல்லும் மருந்து வேண்டாமா என்பது அவர்கள் நியாயம். நியாயத்தில் குற்றமில்லை, குற்றம் 'கிருமி' என்னும் சொல்லில் ஒளிந்திருக்கிறது. வடமொழியில் புழுவைக் குறித்த அச்சொல்லை, கண்ணுக்குப் புலனாகாமல் பிணி விளைவிக்கும் சகலத்துக்கும் நாம் பொதுப்பெயராக்கிக்கொண்டோம். ஆனால் அப்பெயரைத் தாங்கி நிற்பவை ஒரே குலத்தில் பிறந்தவை அல்ல.

அவற்றை மனிதன் முதன்முதலாகக் கண்ட வரலாறு விசித்திரமானது. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்துவந்த ஆன்டனி வான் லீவன்ஹுக் என்பவர், தம் கையாலேயே தேய்த்துச் செய்த சின்னஞ்சிறு கண்ணாடி வில்லைகளின் வழியே எதையும் உற்றுப் பார்க்கும் பித்துக்கொண்டவர். மிளகின் காரத்துக்குக் காரணம் என்ன என்று அறிவதற்காக மிளகை நீரில் ஊறவைத்துப் பார்த்த அவர், காரத்தின் ரகசியத்தைக் காணாமல், நீரில் நெளிந்து திரியும் அற்ப ஜீவராசிகளைக் கண்டு வியந்து, 1676-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். ஆயினும் அந்தச் சூட்சும ஜீவன்களுக்கும் மனிதனுடைய நோய்க்கும் உள்ள சம்பந்தம் ஐயமற நிரூபணமாக இரண்டு நூற்றாண்டுகள் சென்றன. ஜெர்மானிய வைத்தியர் ராபர்ட் கோஹ் 1882-இல் க்ஷயரோகத்தின் கிருமியைக் கண்டறிந்து, பின் காலராவைத் தேடி எகிப்துக்கும் கல்கத்தாவுக்கும் பிரயாணம் செய்து, காற்புள்ளிபோல் வளைந்த ஒரு கிருமியே அதற்குக் காரணம் என்று 1884-இல் அறிவித்தார்.

கோஹ் கண்ட இவ்விரண்டும் பாக்டீரியா என்னும் குலத்தைச் சேர்ந்தவை. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு அகலமே உடையதாயினும், பாக்டீரியா முழுமையான ஓர் உயிர். அதற்கென ஒரு சுவர் உண்டு, ஆகாரத்தை உட்கொண்டு செரிக்கும் சக்தி உண்டு, பருத்தபின் இரண்டாகப் பிளந்து பெருகும் திறமும் உண்டு. தக்க சூடும் உணவும் வாய்த்தால் சில வகைகள் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிக்கின்றன. அந்தக் கணக்கின்படி, இரவு ஒன்பது மணிக்கு மீந்த குழம்பில் விழுந்த ஒன்று, விடியற்காலை நாலு மணிக்கு 20,97,152 ஆகிவிடும். மீந்த குழம்பைப் படுக்கப்போகுமுன் கொதிக்கவைத்து இறக்கிய நம் பாட்டிமார் இந்தப் பெருக்கல் வாய்ப்பாட்டை அறியாவிட்டாலும் அதன் விடையை அறிந்திருந்தார்கள். எனினும் பாக்டீரியாக்கள் யாவும் பகை என்று எண்ணுவது அவற்றுக்கு இழைக்கும் அநீதி. இட்லி மாவு இரவெல்லாம் பொங்கிப் புளிப்பதும், பால் தயிராக உறைவதும் அவற்றின் உபகாரமே. தீங்கு செய்பவைகூடப் பல சமயம் நம்மைத் தின்று அழிப்பதில்லை. காலராக் கிருமி குடற்சுவரைத் துளைத்துச் செல்வதில்லை. அது கக்கும் ஒரு விஷமே குடலின் உயிரணுக்களை ஏமாற்றி, சரீரத்தின் நீரையும் உப்பையும் வெளியே கொட்டச் செய்கிறது என்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் தே என்னும் அறிஞர் 1959-இல் நிறுவினார். இழந்த நீரையும் உப்பையும் உடனுக்குடன் ஈடுசெய்தால் நோயாளி பிழைப்பதன் காரணம் இதுவே.

வைரஸின் கதை முற்றிலும் வேறு. 1885-இல் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றிய லூயி பாஸ்டர், அந்த நோயின் கிருமியைப் பூதக்கண்ணாடியில் எவ்வளவு தேடியும் காணவில்லை. 1892-இல் ருஷ்யாவின் இவானோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலைச் செடியின் சாற்றை, பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தபோது, வடிந்த தெளிவும் நோயைத் தொற்றவைப்பதைக் கண்டார். 1935-இல் அமெரிக்கரான ஸ்டான்லி, அந்தப் புகையிலை வைரஸைக் கற்கண்டுபோலப் படிகமாக்கிக் காட்டியபோது, இது உயிரா, ஜடமா என்ற விவாதமே எழுந்தது. வைரஸுக்கு ஆகாரமில்லை, சுவாசமில்லை, தானே பிளந்து பெருகும் சக்தியும் இல்லை. புரத உறைக்குள் சுருட்டிவைத்த பரம்பரைக் குறிப்பு ஒன்றே அதன் சொத்து. காக்கையின் கூட்டில் முட்டையிடும் குயிலாவது தன் முட்டையைத் தானே இடுகிறது. வைரஸோ முட்டையிடும் வேலையையும் காக்கையின் தலையிலேயே கட்டிவிடுகிறது. நம் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் தொழிற்கூடத்தைக் கைப்பற்றி, தன்னைப்போன்ற ஆயிரக்கணக்கானவற்றை அதைக்கொண்டே செய்வித்துக்கொள்கிறது.

இவ்விரு குலங்களோடு கணக்கு முடிவதில்லை. தோலில் வட்டமிட்டுப் படரும் படர்தாமரை, மழைக்காலத்தில் பழைய ரொட்டியில் பூக்கும் பூஞ்சைக்கு உறவு. நடுங்கவைக்கும் மலேரியாவோ, 1880-இல் அல்ஜீரியாவில் லாவரான் மனித ரத்தத்தில் கண்டு, 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் கண்ட ஓரணு உயிரால் வருவது. இவற்றின் உயிரணு அமைப்பு பெரும்பாலும் நம்முடையதைப் போன்றிருப்பதால், நம்மை வருத்தாமல் இவற்றை மட்டும் வதைக்கும் மருந்தைத் தேடுவது வைத்திய சாஸ்திரத்துக்கு எளிதாக இருக்கவில்லை.

இப்போது மருந்துக் கடை மாத்திரைக்கு வருவோம். 1928-இல் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் கண்ட பெனிசிலின், பாக்டீரியா தன் சுவரைக் கட்டிக்கொள்ளும் வேலையைத் தடுத்து அதைக் கொல்கிறது. நம் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவர் இல்லாததால் நாம் தப்புகிறோம். வைரஸுக்கும் சுவர் இல்லை; இல்லாத சுவரை எந்த மருந்து இடிக்கும்? மற்ற ஆன்டிபயாட்டிக்குகள் தாக்கும் உறுப்புகளும் அதனிடம் இல்லை. சில வைரஸ்களுக்கென்று தனி மருந்துகள் இன்று உண்டு என்றாலும், அக்குலத்தை வெல்வதற்கு வாய்த்த பெரும் உபாயம், சரீரத்தை முன்கூட்டியே பழக்கிவைக்கும் தடுப்பூசிதான். 1796-இல் ஜென்னர் தொடங்கிய அந்த வழியால்தான் பெரியம்மை பூமியிலிருந்தே ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்க முடிந்தது.

நாலு மாத்திரைதானே, பயனில்லாவிட்டாலும் பாதகம் என்ன என்று கேட்கலாம். ஜுரம் தந்த வைரஸைத் தீண்டாத அந்த மாத்திரை, குடலில் சாதுவாக வாழும் பாக்டீரியாக்களைத் தாக்குகிறது. அவற்றில் மெலிந்தவை மடிய, மருந்தைத் தாங்கத் தெரிந்த சில எஞ்சி, காலியான இடத்தில் தம் வம்சத்தைப் பெருக்குகின்றன. அளவு குறைந்த மருந்து கிருமிகளுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுத்துவிடும் என்று ஃபிளெமிங்கே 1945-இல் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் எச்சரித்தார். மூன்றாம் நாள், வைத்தியர் சொன்னபடியே ஜுரம் இறங்கிவிடுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, பெயர் மாத்திரைக்குப் போகிறது. நம்மவர் திண்ணையில் அமர்ந்து அதன் மகிமையை அடுத்த வீட்டுக்காரருக்கு எடுத்துரைத்துக்கொண்டிருக்கும் அந்த வேளையில், அம்மாத்திரைக்கு இனி அஞ்சாத ஒன்று அவர் வயிற்றில் ஓசையின்றி இரண்டாகிக்கொண்டிருக்கும்.