இரண்டு ஷொக் சைக்கிள்: எந்த மலைக்கு, என்ன விலைக்கு?

யாழ்ப்பாணத்து மக்களுக்குச் சைக்கிளைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. 1990களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காமல் போனபோது இந்தக் குடாநாட்டையே சுமந்தது சைக்கிள்தான். விறகும் நெல் மூட்டையும் நோயாளியும் அதன் கரியரிலேயே போயினர். மின்சாரம் இல்லாத இரவுகளில் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டதும் அதில்தான். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, மூலையில் கிடந்த பழைய சைக்கிள்களுக்கும் மீண்டும் மதிப்பு வந்தது.

ஆனாலும் நமக்குப் பழக்கமில்லாத ஒரு வகைச் சைக்கிள் இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் ஷொக் பூட்டி, மலை உச்சியிலிருந்து கீழே இறக்குவதற்கென்றே செய்யப்படும் சைக்கிள் அது. குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலை என்று பெயரில் மட்டும் மலை உண்டு. போய்ப் பார்த்தால் கேணியும் கடலும்தான். பிறகு ஏன் இந்தப் பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம்.

காரணம் இரண்டு. கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரித்தானியாவிலும் வளரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டில் ஆசை வந்திருக்கிறது. "நானா, தம்பி கேட்கிற சைக்கிளின் விலை மோட்டார் சைக்கிள் விலையாக இருக்கிறதே, இது உண்மையா?" என்று இங்குள்ள பெற்றோர் கடைக்காரரிடம் வந்து கேட்கின்றனர். மற்றையது, அதே தோற்றத்தில் மலிவாக வரும் இரண்டு ஷொக் சைக்கிள்கள் நமது சந்தைக்கும் வருகின்றன. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்குபவர் பணத்தை இழப்பார். தெரியாமல் விற்பவர் நம்பிக்கையை இழப்பார்.

சும்மா கிடந்த முதல்

முதலில் இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பெயார்பக்ஸ் என்ற ஊருக்கு அருகே, சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைப்பாதையில் இறக்கிப் போட்டி வைத்தனர். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அவற்றில் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிறீஸ் சூடேறிப் புகைந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னரும் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே 'ரீபெக்' என்று பெயர் வந்தது. இறக்கத்தில் முதலில் தோற்பது பிரேக் என்ற பாடம் அன்றே படிக்கப்பட்டது.

பிறகு பனிச்சறுக்கு நடத்தும் மலை விடுதிக்காரர்கள் ஒரு கணக்குப் போட்டனர். மாரியில் ஆட்களை உச்சிக்கு ஏற்றும் கம்பிவட இருக்கைகள் பனி உருகியதும் மாதக்கணக்கில் சும்மா கிடந்தன. கோடையில் அதிலேயே சைக்கிளையும் ஆளையும் ஏற்றி, இறங்குவதற்குப் பாதை வெட்டிக் கொடுத்து, நாள் கட்டணம் வாங்கினால் என்ன? கனடாவின் விஸ்லர் மலையில் 1990களின் இறுதியில் இது ஒழுங்கான தொழிலாக அமைந்தது. சுவிற்சர்லாந்தின் லென்சர்ஹைட, ஸ்கொட்லாந்தின் போர்ட் வில்லியம் ஆகிய இடங்களிலும் இன்று இப்படிப்பட்ட பாதைகள் உண்டு. லென்சர்ஹைடவில் 2018இல் உலக சாம்பியன் போட்டியே நடந்தது. முடங்கிக் கிடக்கும் முதலைப் பருவம் மாற்றி உழைக்க வைத்த இந்த யோசனை எந்த வியாபாரிக்கும் பாடம்.

ஷொக் என்றால் ஸ்பிறிங் மட்டுமல்ல

நல்ல ஷொக்கில் இரண்டு வேலை நடக்கிறது. ஸ்பிறிங் அல்லது அடைத்த காற்று அடியை வாங்குகிறது. உள்ளே சிறு துளைகள் வழியாக ஓடும் எண்ணெய், வாங்கிய அடியைத் திருப்பி எறியாமல் மெதுவாக விடுகிறது. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் காசு. மலிவான வண்டிகள் பலவற்றில் ஸ்பிறிங் மட்டுமே இருக்கும். எண்ணெய் அறை இருக்காது.

இதைக் கடையிலேயே பரீட்சித்துப் பார்க்கலாம். சீற்றில் கையை ஊன்றிப் பலமாக அழுத்தி விடுங்கள். பந்தைப் போலத் துள்ளி எழுந்தால் அது வெறும் ஸ்பிறிங். அடங்கி, ஒரே சீராக எழுந்தால் எண்ணெய் வேலை செய்கிறது. துள்ளும் வண்டி சமதரையில் வேடிக்கையாக இருக்கும். மலை இறக்கத்தில் அதே துள்ளல் ஓட்டுபவரைத் தலைகுப்புற எறியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஒன்று: ஷொக் அமிழும் தூரம். சாதாரண மலைப்பாதை வண்டிக்கு 120 முதல் 150 மில்லிமீற்றர் போதும். ஏறவும் இறங்கவும் பயன்படும் பலமான வண்டிக்கு 150 முதல் 180. இறக்கத்துக்கென்றே செய்த வண்டிக்கு ஏறத்தாழ 200 மில்லிமீற்றர். இந்தக் கடைசி வகை 15 முதல் 18 கிலோ வரை நிறை உடையது. பெடல் மிதித்து மலை ஏற உதவாது. கம்பிவடம் ஏற்றிவிடும் இடத்தில் மட்டுமே அதற்கு வேலை. ஆகவே வருடத்தில் சில நாட்கள் மட்டும் பூங்காவுக்குப் போய், மற்ற நாட்களில் சாதாரண பாதையில் ஓடுபவருக்கு நடுத்தர வகையே புத்தி.

இரண்டு: பிரேக். கேபிள் இழுக்கும் பிரேக் நீண்ட இறக்கத்துக்குப் போதாது. எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக் வேண்டும். ஒவ்வொரு பிரேக்கிலும் நான்கு பிஸ்டன், 200 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட தட்டு என்பது நல்ல அளவு. ஷிமானோ பிரேக்குக்கு மினரல் எண்ணெய். வேறு சிலவற்றுக்கு டொட் என்று குறிக்கப்பட்ட எண்ணெய். ஒன்றுக்குள் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வீங்கிப் பிரேக் கெட்டுவிடும்.

மூன்று: ஓட்டுபவரின் நிறை. 55 கிலோ பிள்ளைக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே ஸ்பிறிங் பொருந்தாது. பாதுகாப்பு உடைகளுடன் ஏறி நின்றால் பின் ஷொக் தன் முழு நகர்வில் ஏறத்தாழ 30 வீதம் அமிழ வேண்டும். காற்று ஷொக் என்றால் அதற்குரிய பம்மினால் கூட்டிக் குறைக்கலாம். கம்பிச் சுருள் என்றால் சுருளையே மாற்ற வேண்டும். வாங்கும் விலைக்குள் அந்த மாற்றமும் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

நான்கு: வண்டியின் தரம். அமெரிக்கத் தர நிர்ணயத்தில் சைக்கிள்களை 1 முதல் 5 வரை வகுத்திருக்கின்றனர். 1 என்றால் தார் வீதி. 5 என்றால் மலை இறக்கமும் பெரிய பாய்ச்சலும். கையேட்டிலோ பிரேமிலோ இந்த இலக்கத்தைத் தேடுங்கள். இரண்டு ஷொக் பூட்டிய பல மலிவு வண்டிகளின் கையேட்டிலேயே, பாய்ச்சலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதியிருப்பதைக் காணலாம். விளம்பரப் படத்தை நம்பாமல் அந்தச் சிறிய எழுத்தை வாசிக்க வேண்டும்.

ஐந்து: உதிரிப்பாகம். பழைய வண்டிகளில் 26 அங்குலச் சில்லு, இன்று 27.5 அல்லது 29, அல்லது முன்னுக்குப் பெரியதும் பின்னுக்குச் சிறியதும். 26 அங்குல இறக்க வண்டி மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், அதற்குரிய நல்ல ரயரும் ஃபோக்கும் கிடைப்பது குறைந்துவிட்டதுதான்.

பாவித்த வண்டி வாங்கினால்

புதிய இறக்க வண்டி 3,000 அமெரிக்க டொலர் அளவில் தொடங்கி 10,000 வரைகூடப் போகும். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் தொடக்கமே 9 இலட்சம் ரூபா. அதனால் பலர் பாவித்ததைத் தேடுகின்றனர். தவறில்லை. ஆனால் வெல்டிங் செய்த இடங்களில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சீற்றைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். சில்லு எழும்புவதற்கு முன் 'டக்' என்று ஒரு ஆட்டம் தெரிந்தால் பின் மூட்டுகளின் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. ஷொக்கின் பளபளப்பான தண்டில் கீறலும் எண்ணெய்க் கசிவும் இருந்தால் விட்டுவிடுங்கள். எப்போது சேர்விஸ் செய்தது என்று கேளுங்கள். சில உற்பத்தியாளர்கள் முன் ஃபோக்கின் கீழ்ப்பகுதியை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கழற்றித் துப்புரவாக்கச் சொல்கின்றனர். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

பிள்ளைக்குப் பணம் அனுப்பும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். பெரிய பூங்காக்களில் வண்டியும் முழு முகத்தை மூடும் ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் வாடகைக்குக் கிடைக்கின்றன. முதலில் சில நாட்கள் வாடகைக்கு எடுத்து ஓடட்டும். ஆசை நிலைத்தால் வாங்கலாம். வாங்கும்போது ஹெல்மெட்டுக்கும் கவசத்துக்கும் உரிய பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியில் வண்டி பார்க்கட்டும்.

நமது கடைக்கு எது?

இனி நமது வியாபாரத்துக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009இல் யுத்தம் முடிந்த பின் திரும்பி வந்து, சிறு முதலோடு கடை திறந்தவர்கள் நம்மில் பலர். நமக்கு முதல் முடங்குவது நட்டத்தைவிடக் கொடியது. நட்டம் ஒரு நாளில் தெரியும். முடங்கிய சரக்கோ வருடக்கணக்கில் கடை வாடகையைத் தின்னும்.

பகட்டான இரண்டு ஷொக் வண்டி கடை வாசலில் நின்றால் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். ஆனால் சுன்னாகத்திலிருந்து சந்தைக்கு மரக்கறி கொண்டு வருபவருக்கு அது உதவாது. சமதரையில் மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கைப் பின் ஷொக் குடித்துவிடும். பின் சில்லு மேலும் கீழும் அசைவதால் பாரம் ஏற்றும் கரியர் ஒழுங்காகப் பூட்டவும் முடியாது. நம் கடற்காற்றின் உப்பில் மலிவு மூட்டுகள் துருப்பிடித்துக் கிறீச்சிடத் தொடங்கும். அந்தச் சத்தத்தோடு வாடிக்கையாளர் வந்து நிற்கப் போவது தொழிற்சாலை வாசலில் அல்ல, உங்கள் வாசலில்.

ஆகவே பலமான கரியரும் மட்கார்டும் உள்ள சாதாரண வண்டி, பாடசாலைப் பிள்ளைக்கு முன் ஷொக் மட்டும் உள்ள வண்டி, எல்லாவற்றுக்கும் வேண்டிய ரயர், ரியூப், பிரேக் கட்டை - இவையே நம் கையிருப்பின் முதுகெலும்பு. அலங்கார வண்டி கேட்பவருக்கு விற்கலாம். "தம்பி, இது ஊர் வீதிக்கு மட்டும், பாயக் கூடாது" என்று சொல்லி, அதைப் பற்றுச்சீட்டிலும் எழுதி விற்க வேண்டும். உண்மையான மலை வண்டி கேட்டு ஒருவர் வந்தால், அவருடைய உயரம், நிறை, ஓடப்போகும் இடம் ஆகிய மூன்றையும் எழுதிக் கொண்டு, முற்பணம் வாங்கிய பிறகே தருவிக்க வேண்டும்.

சொல்லி விற்பதால் சில விற்பனை கைநழுவும், உண்மைதான். ஆனால் இந்தப் பொருளில் மறைத்த குறை மேசையில் கிடந்து பழுதாவதில்லை. ஒரு பிள்ளையின் கழுத்தோடு மலையிலிருந்து இறங்குகிறது. கைநழுவிய விற்பனையை நாளை வேறொரு வாடிக்கையாளரிடம் ஈடுசெய்து கொள்ளலாம்.